கார் ஆம்ப்ளிஃபயர் பழுது: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கே சொல்வதெல்லாம் காரில், ஜீப்பில், பிக்கப்பில் தனியாகப் பொருத்தும் ஆம்ப்ளிஃபயருக்கு. ஸ்டீரியோவுக்குள்ளேயே இருக்கும் சின்ன ஐசி ஆம்ப் வேறு கதை. கையில் ஒரு மல்டிமீட்டரும், ஹோல்டரோடு ஒரு 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பும் இருந்தால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை கண்டுபிடிக்கலாம். பெட்டியைத் திறக்கும் எண்ணம் இருந்தால் 60 வாட் சால்டரிங் அயர்ன், ஈய உறிஞ்சி, ஃப்ளக்ஸ், தெர்மல் பேஸ்ட் வேண்டும்.

ஆம்பில் லைட்டே எரியலை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

ஆம்பின் மூன்று திருகுகளில் இருந்து. பேட்டரி பிளஸ், எர்த், ரிமோட் (ஸ்டீரியோ ஆன் ஆனதும் ஆம்பை எழுப்பும் வயர்). மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்புக் கம்பியை ஆம்பின் எர்த் திருகிலேயே வையுங்கள். வண்டி பாடியில் வைக்காதீர்கள். பாடியில் வைத்தால் எர்த் வயர் அறுந்திருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும்.

இன்ஜின் ஓடாதபோது பிளஸ் திருகில் 12.4 முதல் 12.7 வரை இருக்க வேண்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4. ஸ்டீரியோவை ஆன் செய்ததும் ரிமோட் திருகிலும் ஏறக்குறைய 12 வர வேண்டும். ரிமோட் வரவில்லை என்றால் பிளஸ் திருகிலிருந்து ரிமோட் திருகுக்கு ஒரு துண்டு வயரை ஒரு விநாடி தொட்டுப் பாருங்கள். லைட் எரிந்தால் ஆம்ப் நன்றாக இருக்கிறது, ஸ்டீரியோவின் நீல வெள்ளை வயரில்தான் கோளாறு.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மீட்டரில் பீப் வைத்துப் பாருங்கள். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் ஹோல்டரில் பச்சை பூத்து, ஃபியூஸ் நன்றாகவும் ஹோல்டர் செத்தும் கிடப்பது சகஜம். மூன்று திருகிலும் வோல்ட் சரி, ஆம்பின் சொந்த ஃபியூஸும் சரி, ஆனாலும் லைட் இல்லை என்றால்தான் கோளாறு உள்ளே.

சிவப்பு லைட் எரியுது, பாட்டு வரலை. ஆம்ப் போச்சா?

பெரும்பாலும் போகவில்லை. சிவப்பு என்றால் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டது என்று அர்த்தம். யாரிடமிருந்து காப்பாற்றிக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஸ்டீரியோவை அணைத்து, ஸ்பீக்கர் வயர் எல்லாவற்றையும் ஆம்பிலிருந்து கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்யுங்கள். பச்சை வந்துவிட்டதா? அப்படியானால் குற்றவாளி ஸ்பீக்கர் பக்கம். கழற்றிய வயர்களின் முனையில் ஓம் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 1 ஓமுக்குக் கீழே காட்டினால் ஸ்பீக்கரின் காயில் கருகி ஒட்டியிருக்கிறது, அல்லது வயர் இரண்டும் எங்கோ தொடுகின்றன. பிறகு ஒவ்வொரு வயருக்கும் பாடிக்கும் இடையே பாருங்கள். அங்கே எதுவும் காட்டக்கூடாது. கதவு வழியாகப் போகும் வயர் கீல் அருகே உரசி, தோல் உரிந்து தகரத்தைத் தொடும் இடம்தான் முதலில் பார்க்க வேண்டியது. அடுத்தது சீட்டு ரயில்.

ஸ்பீக்கரைக் கழற்றியும் சிவப்பு போகவில்லை என்றால் ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ கேபிளையும் உருவுங்கள். அதற்கும் போகவில்லை என்றால், பிளஸ், எர்த், ரிமோட் தவிர ஒன்றும் இல்லாத நிலையில் அது சிவப்பு காட்டுகிறது. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஏதோ ஒன்று ஷார்ட், அல்லது ஸ்பீக்கர் முனையில் டிசி வருகிறது. சில சமயம் ஆம்பின் திருகு ஹீட் சிங்க் வழியாகப் பாடியைத் தொட்டு எர்த் இரண்டு வழியில் போவதாலும் குழம்பும். ஆம்பைத் தூக்கி ஒரு மரப்பலகை மேல் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள், செலவில்லாத சோதனை.

இன்னொன்று: உஃபர் இரண்டை இணையாகப் போட்டு 2 ஓம் ஆக்கி, அதை பிரிட்ஜில் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக) மாட்டியிருக்கிறார்களா பாருங்கள். சாதாரண ஆம்புக்கு பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. மெதுவாகப் பாடும்போது பச்சை, சத்தம் ஏற்றினால் சிவப்பு என்றால் இதுதான் காரணமாக இருக்கும், இல்லாவிட்டால் எர்த்.

எர்த் சரியா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஓம் பார்த்துத் தெரியாது. ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் பூஜ்யம் காட்டும். பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு கம்பி ஆம்பின் எர்த் திருகில், இன்னொன்று பேட்டரி மைனஸ் முனையில். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2 தாண்டினால் எர்த்தைப் பிரித்துச் சரிசெய்யுங்கள்.

வண்டி பாடியில் பெயின்ட்டை உப்புத்தாளால் வெள்ளி தெரியும்வரை தேய்த்து, ரிங் லக்கை நட்டு போல்ட்டும் பல் வாஷரும் போட்டு இறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ். தகர ஸ்க்ரூ, சீட் பெல்ட் போல்ட் இரண்டும் வேண்டாம். எர்த் வயர் பிளஸ் வயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள் இருக்கட்டும். தொப்பூர் கணவாய் ஏறி இறங்கும் வண்டியில் பல் வாஷர் இல்லாத போல்ட் சில மாதத்தில் தளர்ந்துவிடும்.

எவ்வளவு தடிமன் வயர்?

ஃபியூஸ் 60 ஆம்பியர் வரை உள்ள ஆம்புக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். அதில் 5 மீட்டர் ஓட்டத்தில் 60 ஆம்பியர் போனால் ஏறக்குறைய 0.35 வோல்ட் இழப்பு, தாங்கலாம். கிட் என்று டப்பாவில் விற்பதில் பெரும்பாலானவை அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய வயர். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதைத்தான் போடுவதென்றால் ஒரு அளவு தடிமனாக, 25 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம். அது ஆம்பைக் காக்க இல்லை, வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்காமல் காக்க.

மேலே 1200 வாட்னு போட்டிருக்கு. உண்மையில எவ்வளவு?

ஸ்டிக்கரை விட்டுவிட்டு ஃபியூஸைப் பாருங்கள். 20 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு என்றால் மொத்தம் 40. 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 552 வாட் உள்ளே போகிறது. ஏபி வகை ஆம்பில் அதில் சுமார் 60 சதவீதம்தான் சத்தமாக வெளிவரும், அதாவது 330 வாட் அளவு. டி வகையில் 80 சதவீதம் வைத்தால் 440. மீதி சூடு. ஸ்டிக்கர் கணக்கை நம்பி ஃபியூஸைப் பெரிதாக்கியவர்களின் ஆம்புகள்தான் மேசைக்கு அதிகம் வருகின்றன.

ஃபியூஸ் போட்ட உடனே போயிடுது. பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்க்கலாமா?

கூடாது. வெள்ளித்தாள் சுற்றுவது, கம்பி வைப்பது அதைவிட மோசம். 30 ஆம்பியர் ஃபியூஸில் ஒரு ஃபெட் டிரான்சிஸ்டர் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் சுவிட்ச்) மட்டும் செத்திருக்கும் இடத்தில், கம்பி வைத்தால் போர்டின் தடம் கருகி, வளையக் காயிலின் (12 வோல்ட்டை உயர்த்தித் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) எனாமல் உரிந்து, சரிசெய்யவே முடியாத நிலைக்குப் போய்விடும்.

ரிமோட் கொடுக்காமலே ஃபியூஸ் போனால் பவர் சப்ளை ஃபெட் ஷார்ட், அல்லது பிளஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே இருக்கும் பாதுகாப்பு டயோடு ஷார்ட். பேட்டரி மாற்றும்போது யாராவது பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டிருந்தால் இந்த டயோடுதான் பலியாகியிருக்கும். அதை ஒரு பக்கம் கழற்றியதும் ஷார்ட் மறைந்தால் ஆம்ப் பிழைத்தது. புதிய டயோடு போட்டுத்தான் வண்டியில் மாட்ட வேண்டும்.

ரிமோட் கொடுத்த பிறகு ஃபியூஸ் போனால், கோளாறு பெரும்பாலும் காயிலுக்கு அப்பால்: ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர் டயோடு அல்லது அவுட்புட் டிரான்சிஸ்டர்.

பல்பு வைத்துச் சோதிக்கிறது எப்படி?

இதைப் படித்துவிட்டு வேறு எதை மறந்தாலும் சரி, இதை மறக்காதீர்கள். 55 வாட் ஹெட்லைட் பல்பை பேட்டரி பிளஸுக்கும் ஆம்ப் பிளஸுக்கும் நடுவே தொடராக இணையுங்கள். உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் 4.6 ஆம்பியருக்கு மேல் போகாது. பல்புதான் எரியும், பாகம் எரியாது.

முதலில் ரிமோட் இல்லாமல். பல்பு ஒரு கணம் மின்னி அணைய வேண்டும், அது கெபாசிட்டர் நிரம்புவது. முழு வெளிச்சத்தில் நின்றால் ஃபெட்டோ பாதுகாப்பு டயோடோ ஷார்ட். அடுத்து ரிமோட்டைக் கொடுங்கள். ஒரு மின்னல், பிறகு மங்கல் அல்லது லேசான சிவப்பு இழை: நல்ல அறிகுறி. நாலு சேனல் ஆம்ப் சும்மா இருக்கும்போது அரை முதல் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும், அதனால் மெல்லிய சிவப்பு இருக்கலாம். முழு வெளிச்சம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

பல்போடு இருக்கும்போது பாட்டுப் போட்டுச் சோதிக்காதீர்கள். வோல்ட் தொய்ந்து ஆம்ப் விட்டுவிட்டுத் துடிக்கும், இல்லாத கோளாறைத் தேட வைக்கும்.

பெட்டியைத் திறந்தாச்சு. முதல்ல என்ன பார்க்கணும்?

மோந்து பாருங்கள். கருகிய ஃபெட்டின் வாடையும், காயில் எனாமலின் வாடையும் வேறு வேறு. இரண்டாவது வந்தால் செலவுக்கு முன் யோசியுங்கள்.

கை வைப்பதற்கு முன், பெரிய கெபாசிட்டர்களை 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் தொட்டு இறக்குங்கள். 12 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். காயிலுக்கு அப்பால் பிளஸ் 30, மைனஸ் 30 என்று இருக்கும், இரண்டுக்கும் இடையே 60. பெரிய மோனோ ஆம்பில் இதைவிடப் பல மடங்கு. வியர்த்த கையில் நன்றாகவே அடிக்கும். மோதிரம், காப்பு கழற்றிவிடுங்கள்.

பிறகு கண்: தலை உப்பிய கெபாசிட்டர், வெடித்த ஃபெட், கறுத்த ரெசிஸ்டர், காயிலின் கால்களைச் சுற்றி வட்டமாக விரிசல் விட்ட ஈயம். கடைசியாகச் சொன்னது மேடு பள்ளச் சாலையில் ஓடும் பிக்கப்பில் வழக்கம். மாங்காய் சீசனில் தோட்டத்து மண்பாதையில் ஏற்றி இறக்கும் வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாக 60க்கு 40 ஈயம் வையுங்கள். மேலேயே கொஞ்சம் பூசினால் அதே வட்டம் திரும்ப வரும். 25 வாட் அயர்ன் இந்தத் தடித்த தடங்களுக்குப் போதாது. நெடுநேரம் வைத்து அழுத்தி பேட் கழன்றுவிடும்.

சப்ளை ஃபெட் செத்திருக்கான்னு போர்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், ஒரு விஷயம் தெரிந்திருந்தால். ஃபெட்டின் மூன்று கால்கள், எழுத்து உங்களைப் பார்த்திருக்க இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். எல்லா ஃபெட்டின் டிரெயினும் காயில் வழியாக பேட்டரி பிளஸோடு இணைந்தே இருக்கும். அதனால் டிரெயினுக்கும் டிரெயினுக்கும் பீப் வருவது கோளாறு இல்லை. புதியவர்கள் இதைப் பார்த்து எல்லாம் ஷார்ட் என்று பயந்துவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டியது டிரெயினுக்கும் சோர்ஸுக்கும், கேட்டுக்கும் சோர்ஸுக்கும். டயோடு மோடில் சிவப்பு சோர்ஸில், கறுப்பு டிரெயினில்: 0.4 முதல் 0.6. மாற்றிப் பிடித்தால் எண் ஏறிக்கொண்டே போய் எல்லை தாண்ட வேண்டும். இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அந்த வரிசையில் ஒன்று செத்தது. எது என்று போர்டில் தெரியாது, எல்லாம் இணையாக இருப்பதால். கேட் ரெசிஸ்டரைப் பாருங்கள்: கறுத்தது எதுவோ அதன் ஃபெட்தான் முதலில் போனது.

பொதுவாக இருப்பவை ஐஆர்எஃப்இசட் 44என் அல்லது ஐஆர்எஃப் 3205. இரண்டும் 55 வோல்ட். முதலாவது 49 ஆம்பியர், இரண்டாவது 110. ஒன்று போயிருந்தாலும் இரண்டு வரிசையிலும் உள்ள எல்லாவற்றையும் ஒரே லாட்டிலிருந்து மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் சுமை சரிசமமாகப் பிரியாது. 44 இருந்த இடத்தில் 3205 போட்டால் பலம் கூடும் என்று நினைப்பதும் சரியல்ல. அதன் கேட் கெபாசிட்டன்ஸ் இரண்டு மடங்குக்கும் மேல், கேட்டை இயக்கும் சின்ன டிரைவரால் அதை வேகமாகத் திறந்து மூட முடியாமல் சூடாகும்.

ஃபெட் மாத்தினேன். அஞ்சு நிமிஷத்துல மறுபடி போச்சு. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஃபெட் செத்தது விளைவு, காரணம் வேறு எங்கோ இருந்திருக்கிறது. வரிசையாகப் பாருங்கள்.

கேட் ரெசிஸ்டர்: ஃபெட் சாகும்போது 12 வோல்ட் கேட் வழியாகப் பின்னோக்கிப் பாயும். 47 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 300 ஓமோ, ஓபனோ ஆகியிருக்கும். ஒவ்வொன்றையும் அளந்து, எல்லாம் ஒரே மதிப்பில் மாற்றுங்கள்.

டிரைவர்: கேட்டை இழுத்து அணைக்கும் பிஎன்பி டிரான்சிஸ்டர் ஒரு வரிசைக்கு ஒன்றாக இருக்கும். இது ஓபன் ஆனால் ஃபெட் திறந்துகொள்ளும், மூடாது. இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் திறந்து நேரடி ஷார்ட்.

ஐசி: ஃபெட்டைத் திறந்து மூடச் சொல்லும் சிப், பெரும்பாலான ஆம்பில் டிஎல் 494 அல்லது அதன் மாற்று. ஃபெட் எல்லாவற்றையும் கழற்றிய நிலையில், ரிமோட் கொடுத்து அளக்க வேண்டும். 12-ஆம் காலில் பேட்டரி வோல்ட்டுக்கு அருகில், 14-ஆம் காலில் 5 வோல்ட், 4-ஆம் கால் பூஜ்யத்துக்கு அருகில். 4-ஆம் காலில் 3 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பாதுகாப்புச் சுற்று ஐசியைத் தூங்க வைத்திருக்கிறது. பிறகு, கழற்றிய ஃபெட்டின் கேட் பேடில் டிசி பாருங்கள். ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு இது போதும்: இரண்டு வரிசையிலும் 4 முதல் 6 வோல்ட், இரண்டும் ஏறத்தாழ சமம். ஒரு பக்கம் 5, மறுபக்கம் 0 அல்லது 11 என்றால் ஃபெட் போடாதீர்கள். போட்டால் அதே ஐந்து நிமிடம்தான்.

காயிலுக்கு அப்பால் ஷார்ட்: ரெக்டிஃபயர் டயோடுகளைக் கழற்றிவிட்டு, சப்ளையை மட்டும் பல்போடு ஓடவிடுங்கள். நன்றாக ஓடினால் குற்றம் டயோடிலோ அவுட்புட்டிலோ.

கடைசியாக, கிளாம்ப். போர்டை வெளியே எடுத்து, ஃபெட்டை ஹீட் சிங்கில் இறுக்காமல் சோதித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சுமை இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. பழைய பேஸ்டைத் துடைத்து, மைக்கா அல்லது ரப்பர் ஷீட் கிழியாமல் இருக்கிறதா பார்த்து, இறுக்கியபின் ஃபெட்டின் முதுகுத் தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் பீப் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மின்சாரம் கொடுங்கள்.

ஃபெட், டிரான்சிஸ்டர் எங்க வாங்கறது? டூப்ளிகேட் எப்படித் தெரியும்?

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு கிட்ட, தருமபுரிக்காரர்கள் சேலத்திலும் பார்க்கலாம். சென்னை போகிறவர் இருந்தால் ரிச்சி தெரு. எங்கே வாங்கினாலும் தேவைக்கு ஒன்றிரண்டு கூடுதலாக, ஒரே லாட் எண்ணில் கேளுங்கள்.

போலியில் எழுத்தை அசிட்டோனால் துடைத்தால் கரையும், முகப்பு உப்புத்தாள் தேய்த்ததுபோல் இருக்கும். மீட்டரில் கெபாசிட்டன்ஸ் இருந்தால் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் அளந்து பாருங்கள்: 44-க்கு 1.5 நானோஃபாரட், 3205-க்கு 3.2-க்குக் குறையக்கூடாது. 3205 என்று எழுதி 1 நானோஃபாரட் காட்டினால் உள்ளே இருக்கும் சிப் சின்னது. அவுட்புட் டிரான்சிஸ்டரில் சி 5200, ஏ 1943 ஜோடிக்குப் போலிகள் மிக அதிகம். ஒன்றைப் பலி கொடுத்து உடைத்து, உள்ளே சிப்பின் அளவைப் பழைய அசலோடு ஒப்பிடுவது வீண்செலவல்ல.

ஸ்பீக்கர் 'டப்'னு வெளியே தள்ளி நிக்குது.

ஸ்பீக்கரை உடனே கழற்றுங்கள், காயில் எரிந்துகொண்டிருக்கிறது. அந்த முனையில் டிசி வருகிறது. நல்ல ஆம்பில் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். 20, 30 வோல்ட் வந்தால் அந்தச் சேனலின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் அளந்து கண்டுபிடித்து, பிளஸ் மைனஸ் ஜோடியாகவே மாற்றுங்கள். கூடவே இருக்கும் 0.22 அல்லது 0.33 ஓம் வெள்ளைச் சிமெண்ட் ரெசிஸ்டர், டிரைவர் டிரான்சிஸ்டர், பேஸ் ரெசிஸ்டர் மூன்றையும் அளக்காமல் மூடாதீர்கள்.

டிசி 1 முதல் 3 வோல்ட் அளவுக்கு மட்டும் இருந்து, சத்தமும் கரகரப்பாக இருந்தால் உள்ளே வரும் சிக்னலைக் கையாளும் ஆப்-ஆம்ப் ஐசிக்குப் போகும் பிளஸ் 15, மைனஸ் 15 இரண்டையும் பாருங்கள். ஜெனர் டயோடும் அதற்கு முன்னால் இருக்கும் சூடான ரெசிஸ்டரும்தான் ஒரு பக்கத்தைக் காணாமல் போகச் செய்பவை.

ஆக்சிலேட்டர் கொடுத்தா 'உய்ங்'குனு கூடவே ஏறுது.

ஆம்பில் ஆர்சிஏவை உருவுங்கள். சத்தம் நின்றால் ஆம்ப் நல்லது. அடுத்து, ஸ்டீரியோவின் உலோக உடம்பிலிருந்து ஆர்சிஏயின் வெளி வளையத்துக்கு ஒரு வயரை வைத்துப் பாருங்கள். அப்போது நின்றால், ஸ்டீரியோவுக்குள் ஆர்சிஏ எர்த்தின் மெல்லிய ஃபியூஸ் தடம் போயிருக்கிறது. ஸ்டீரியோ ஆனில் இருக்கும்போதே ஆர்சிஏவைச் செருகி எடுப்பதும், ஆம்பின் எர்த் கழன்றபோது மின்சாரம் ஆர்சிஏ வழியாகத் திரும்பிப் போவதும்தான் அதைக் கொல்கின்றன. அதனால் ஆம்ப் எர்த்தைச் சரிசெய்யாமல் ஸ்டீரியோவைச் சரிசெய்தால் மறுபடி போகும்.

பிளஸ் வயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கம் ஓடினால் பிரித்து ஆளுக்கொரு பக்கமாக விடுங்கள். ஃபில்டர் டப்பா வாங்குவது கடைசி வழி.

ஒரு பக்கம் மட்டும் பாடலை.

ஆர்சிஏவை இடம் வலம் மாற்றுங்கள். ஊமை பக்கம் மாறினால் கோளாறு ஸ்டீரியோ அல்லது கேபிள். மாறவில்லை என்றால் ஸ்பீக்கர் வயரை மாற்றுங்கள். அதற்கும் அதே முனை ஊமையாக இருந்தால் ஆம்ப். உள்ளே முதலில் ஆர்சிஏ சாக்கெட்டின் ஈய விரிசல், அடுத்து கெயின் திருகு (ஸ்டீரியோ தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவது). காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை முழுக்கத் திருப்பினால் பாதி ஆம்புகள் பேச ஆரம்பித்துவிடும்.

வெயில் காலத்துல அரை மணி பாடிட்டு நின்னுடுது.

ஹீட் சிங்க் 80 டிகிரியை ஒட்டிப் போனால் சூட்டுச் சுவிட்ச் அணைக்கும், ஆறியதும் தானாக வரும். ஏப்ரல், மே மாதத்தில் மூடி நிறுத்திய வண்டிக்குள்ளே ஏற்கனவே 55, 60 டிகிரி இருக்கும்போது ஆம்புக்கு மிச்சமிருப்பது 20 டிகிரிதான். கார்ப்பெட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், உஃபர் பெட்டி மேல் திருகாதீர்கள், துடுப்புகள் செங்குத்தாக நிற்க நாலு பக்கமும் இரண்டு அங்குலம் விடுங்கள். கிரானைட் குவாரி, செம்மண் பாதை வண்டிகளில் வருடம் ஒரு முறை மூடியைக் கழற்றி பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள்.

முன்பு நிற்காத ஆம்ப் இப்போது நிற்கிறது என்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கிளாம்ப் திருகு தளர்ந்திருக்கும்.

லாரியில 12 வோல்ட் ஆம்பை மாட்டலாமா?

கிருஷ்ணகிரி சந்திப்பு வழியாகப் போகிற லாரிக்காரர்கள் அத்தனை பேரும் கேட்பது. பெரிய லாரி 24 வோல்ட். ஓடும்போது 28. நேரடியாகக் கொடுத்தால் இரண்டு விஷயம் நடக்கும். உள்நுழையும் இடத்தில் இருக்கும் 16 வோல்ட் கெபாசிட்டர் உப்பி வெடிக்கும். காயிலை இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளும் சுற்றில், மூடியிருக்கும் ஃபெட்டின் மேல் சப்ளையைப்போல் இரண்டு மடங்கு வோல்ட் நிற்கும்: 28-க்கு 56. ஃபெட்டோ 55 வோல்ட். ரிமோட் கொடுத்த அதே நொடியில் முடிந்துவிடும்.

இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுப்பது நிறையப் பேர் செய்வது. ஆம்புக்கு ஒன்றும் ஆகாது, பேட்டரிக்கு ஆகும். ஒன்று தினமும் இறங்கும், சார்ஜ் ஆகும்போது மற்றது அளவுக்கு மீறி ஏற்றப்படும். இரண்டுமே ஆயுளுக்கு முன் போய்விடும். சரியான வழி 24-இலிருந்து 12-க்கு மாற்றும் கன்வர்ட்டர். ஆம்பின் ஃபியூஸ் 20 ஆம்பியர் என்றால் கன்வர்ட்டரும் தொடர்ந்து 20 தருவதாக இருக்கட்டும். 5 ஆம்பியர் கன்வர்ட்டரில் நாலு சேனல் ஆம்பை மாட்டி பாஸ் வரவில்லை என்று கேட்கக்கூடாது.

சின்ன யானை, பொலிரோ பிக்கப், டிராக்டர் எல்லாம் 12 வோல்ட்தான். நடுத்தர சரக்கு வண்டிகளில் இரண்டும் உண்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

மாரியம்மன் பண்டிகைக்கு வண்டியை நிறுத்தி பாட்டு போட்டா பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

35 ஆம்பியர்-அவர் பேட்டரி, ஆம்ப் சராசரியாக 15 ஆம்பியர் இழுத்தால், வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்றால் ஒரு மணி நேரம். வோல்ட் 11.5-க்கு இறங்கியதும் பாஸ் கரகரக்கும். அப்போது கெயின் ஏற்றினால் ட்வீட்டர்தான் முதலில் போகும். இன்ஜினை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் தனி பேட்டரி.

பாஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குது, ஒரு ஃபாரட் கெபாசிட்டர் போட்டா சரியாகுமா?

ஆகாது. ஒரு வோல்ட் இறங்கும்போது ஒரு ஃபாரட் தருவது 50 ஆம்பியரை ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு. நீல விளக்கு எரிவது அழகு. காசை எர்த் வயரிலும் பேட்டரியிலும் போடுங்கள்.

கெயின் எவ்வளவு வைக்கணும்?

அது வால்யூம் இல்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யத்தில் வைத்து, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் விடுங்கள். உஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் டோன். மீட்டர் ஏசி வோல்ட்டில். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண்ணில் நிறுத்துங்கள்: 4 ஓமில் 100 வாட்டுக்கு 20 வோல்ட், 75 வாட்டுக்கு 17.3, 2 ஓமில் 300 வாட்டுக்கு 24.5. வாட் என்பது ஆர்எம்எஸ் கணக்கு, அதாவது தொடர்ந்து தரும் வாட். மேலே சொன்ன ஸ்டிக்கர் கணக்கைப் போட்டால் உஃபர் கருகும்.

தண்ணி போன ஆம்ப் பிழைக்குமா?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் வண்டிகளே அடித்துச் செல்லப்பட்டன. அப்படி முங்கிய ஆம்பும் மின்சாரம் கொடுக்காமல் வைத்திருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, போர்டை வெளியே எடுத்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும். நிழலில் இரண்டு நாள் காய்ந்தபின் பல்பு சோதனை. இந்தப் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. வாட்டர் வாஷில் சீட்டுக்கடியில் போனால் காய்ந்தபின் ஐசி கால்களுக்கு நடுவே வெள்ளையாகப் படிந்து, மழை நாளில் மட்டும் சிவப்பு காட்டும் ஆம்பாக மாற்றிவிடும். அதையும் ஆல்கஹாலால்தான் தேய்க்க வேண்டும்.

எப்போ தூக்கிப் போடறது?

வளையக் காயிலின் எனாமல் கருகியிருந்தால். போர்டு கருகி கரியாகியிருந்தால், கரி மின்சாரம் கடத்தும். சுரண்டி எடுத்தபின்னும் தடம் மிச்சம் இல்லை என்றால் விட்டுவிடலாம். டி வகை மோனோவில் டிரைவர் துணைப்போர்டு பிசினில் முழுக்க மூடியிருந்து அதுவே செத்திருந்தால், அதே மாடலின் இன்னொரு செத்த ஆம்ப் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தூக்கிப் போடுவதென்றாலும் ஹீட் சிங்க், ரெக்டிஃபயர், நல்ல அவுட்புட் ஜோடி, முனைத் திருகுகள் இவற்றைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பழைய அசல் டிரான்சிஸ்டர் இன்று கடையில் கிடைக்கும் புதிய போலியைவிட நம்பகமானது.